முதல் வட்டம் பகல் பன்னிரண்டுக்கு

நேயர்களுக்கு என் வணக்கம்.

கார்த்திகை பாதி கடந்துவிட்டது. டிசம்பர் இசை விழாவுக்கு, கச்சேரி நடத்துகிற சங்கங்களான சபாக்களின் நிகழ்ச்சி நிரல்கள் அச்சாகிக் கைக்கு வரத் தொடங்கிவிட்டன. சென்னையில் இசை கேட்கிற வீடுகளில் இப்போது ஒரு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். நிரல்களையெல்லாம் மேஜைமேல் பரப்பிவைத்து, எந்தத் தேதியில் யார், எந்த அரங்கம் என்று பார்த்துப் பார்த்துப் பேனாவால் வட்டம் போடுவார்கள். ஒரே மாலையில் இரண்டு பெரிய வித்வான்கள் வெவ்வேறு சபாக்களில் பாடினால் யாரை விடுவது என்று வீட்டுக்குள் ஒரு வழக்கே நடக்கும். அந்த வட்டங்களில் பெரும்பாலானவை மாலை ஆறரை, ஏழு மணிக் கச்சேரிகளைச் சுற்றித்தான் விழுகின்றன. நான் இன்று கேட்டுக்கொள்ள வந்திருப்பது ஒன்றுதான். இந்த ஆண்டு முதல் வட்டத்தைப் பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரிக்குப் போடுங்கள்.

இந்த டிசம்பர் விழா எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. இசைக்கென்று ஓர் அமைப்பு வேண்டும் என்ற பேச்சு அங்கே எழுந்தது. அடுத்த ஆண்டே, 1928-ல், மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா அதைவிட மூத்தது. 1929-ல் மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபா வந்தது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம், 1953-ல் தியாகராய நகரில் கிருஷ்ண கான சபா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. இப்போது நவம்பர் கடைசியில் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் ஊரில் ஏதாவதொரு மேடையில் சுருதி கேட்டுக்கொண்டேயிருக்கும். 2017-ல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்துக்கொண்டதற்கும் இந்தத் தொடர்ச்சி முக்கியமான காரணம்.

இதில் நாம் மறந்துபோகிற ஒரு விஷயம், இந்த விழாவின் வேர் ஒரு மாநாடு என்பது. கூடிப் பேசுவதும், ஒரு ராகத்தின் லட்சணம் என்ன என்று வித்வான்கள் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடுவதும் இதன் ஆரம்பத்திலேயே இருந்தவை. அகாடமியில் காலை வேளைகளில் நடக்கும் விரிவுரை விளக்க நிகழ்ச்சிகள் அந்த மரபின் தொடர்ச்சிதான். லெக்-டெம் என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு கீர்த்தனையின் இரண்டு பாடாந்தரங்களையும், அதாவது வெவ்வேறு குருவழியில் வந்த பாட வடிவங்களையும், பாடிக்காட்டி, எங்கே பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்று விளக்குவார்கள். அதைக் கேட்டுவிட்டு மாலையில் அதே கீர்த்தனையைக் கேட்டால் காது வேறுமாதிரி வேலை செய்யும். காலையில் அங்கே போய்விட்டு, ஒரு காபி சாப்பிட்டுவிட்டு, பகல் கச்சேரிக்கு உட்காருவதைவிட நல்ல நாள் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து கிடையாது.

சரி, பகல் கச்சேரிக்கு வருகிறேன். ஒரு சபாவின் நாளைப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு ஒன்று, இரண்டு மணியை ஒட்டி ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, மாலை ஆறரை அல்லது ஏழுக்கு ஒன்று. இளையவர்கள் பகலில் தொடங்கி, வருடங்கள் போகப்போக நாலு மணிக்கு ஏறி, அப்புறம் மாலைக்கு வரவேண்டும். இன்று நாம் சீட்டு கிடைக்காமல் தவிக்கிற பாடகர்கள் பலரும் ஒரு காலத்தில் பகல் வேளையில் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடியவர்கள்தான். பகல் கச்சேரிக்குப் பல இடங்களில் சீட்டே கிடையாது. நேரே உள்ளே போய் முதல் வரிசையில் உட்காரலாம். இருந்தும் ஆள் வருவதில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய் உட்கார்ந்து பாருங்கள். திரைக்குப் பின்னால் மிருதங்கக்காரர் தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், ரவையைப் பிசைந்து அப்பிக்கொண்டிருப்பார். கொஞ்சம் அப்புவார், தட்டிப் பார்ப்பார், சுரண்டி எடுப்பார், மறுபடி அப்புவார். வலது பக்கமான வலந்தலையைச் சுருதி சேர்க்கக் கூழாங்கல்லால் விளிம்பில் ஒரு தட்டு. வயலின்காரர் வில்லுக்கு ரோஸின் தேய்த்துக்கொண்டிருப்பார். பாடப்போகிற பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். குருவோ அம்மாவோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இரண்டாவது வரிசை முகத்தையும் ஒரு முறை பாருங்கள். மேடையில் இருக்கிற பெண்ணுக்கு இருக்கும் படபடப்பைவிட அங்கே அதிகம்.

திரை விலகும். அவளுக்குக் கொடுத்திருப்பது ஒன்றே கால் மணியோ ஒன்றரை மணியோதான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்த கச்சேரிப் பத்ததி, அதாவது உருப்படிகளின் வரிசை, முழுவதையும், தொடக்கத்து வர்ணம் முதல் முடிவில் வரும் மங்களம் வரை, அதற்குள் அடக்கியாக வேண்டும். மாலைக் கச்சேரியில் ஒரு ராகம் சரியாக அமையவில்லை என்றால் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம். பகலில் அதற்கு இடமில்லை. விரிவாகப் பாட ஒரே ஒரு ராகம்தான் வாய்க்கும். அது காம்போதியோ தோடியோ, அந்த ஒரு ராகத்தை அவள் எத்தனையோ மாதமாக மனசுக்குள் பாடிப் பார்த்துவைத்திருப்பாள். பாட்டின் சொற்கள் இல்லாமல் ராகத்தை விரிக்கிற ஆலாபனையில் மேல் ஸ்தாயி காந்தாரத்தில் போய் நிற்கும்போது குரல் கொஞ்சம் நடுங்கும். அடுத்த மூச்சில் நேராகிவிடும். நேரான அந்தக் கணத்தில் வயலின்காரர் திரும்பி அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நான் பகல் கச்சேரிக்குப் போகிறேன் என்றாலும் தப்பில்லை.

இந்த மேடையில் கேட்பவர்களின் எண்ணிக்கை பாட்டையே மாற்றும் என்பதை நான் முழுமனதோடு சொல்கிறேன். ஐந்தாறு பேர் இருக்கிற அரங்கில் பாடகி கண்ணை மூடிக்கொண்டு, படித்ததை ஒப்பித்துவிட்டு எழுந்துபோவாள். ஐம்பது பேர் இருந்து, அதில் நாலு பேர் தாளம் போட்டு, ஒருவர் இடமறிந்து 'சபாஷ்' என்று சொன்னால், படித்ததைத் தாண்டி ஒரு சங்கதி, அதே வரியின் புது வடிவம், வரும். கல்பனை ஸ்வரத்தில் புதிதாக ஒன்று தட்டுப்படும். மேடையில் அந்தக் கணமே கற்பனை செய்து பாடுவதை இசையில் மனோதர்மம் என்று நாம் பெருமையாகச் சொல்வது கேட்பவர் இல்லாத இடத்தில் வளராது. மாலை ஏழு மணிக்கு நாம் கொண்டாடுகிற மனோதர்மம், வருடக்கணக்காகப் பகல் பன்னிரண்டு மணிக்கு யாரோ உட்கார்ந்து கேட்டதால் வளர்ந்தது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. தாள வாத்தியங்கள் மட்டும் தனியே வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகாதீர்கள். எல்லா அரங்குகளிலும் இது நடக்கிறது. பிரதான உருப்படி முடிந்து மிருதங்கத்தின் பக்கம் பாடகர் கையைக் காட்டியதும், நாற்காலிகள் சடசடவென்று மடங்கும் சத்தம். கேன்டீனில் கூட்டம் சேருவதற்கு முன்னால் இடம் பிடிக்க வேண்டும் என்று பாதி அரங்கம் வெளியே நடக்கும். சபா கேன்டீன் ருசியை நானும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் அன்றைக்கு அந்த லய வித்வானுக்கென்று கிடைத்த நேரம். அதுவரை பாட்டுக்குப் பின்னால் நின்று, பாட்டு ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் அடங்கி வாசித்தவர் அவர். மிருதங்கமும் கடமும் மாறிமாறி வாசித்து, குறைப்பில் ஒவ்வொரு சுற்றும் சுருங்கிக்கொண்டே வந்து, பிறகு இரண்டும் சேர்ந்து மோரா என்ற முடிப்புக்குப் போய், கோர்வை என்ற கணக்குக் கோப்பு மூன்று முறை வந்து, பல்லவி தொடங்குகிற எடுப்பில் போய் விழுகிற இடத்தை ஒரு தடவை கையால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டால், அப்புறம் நீங்களே எழுந்திருக்க மாட்டீர்கள். கணக்குத் தெரிய வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். பக்கத்தில் ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். அவர் கையைப் பார்த்துப் போடுங்கள்.

மனம் வருந்திச் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பகல் மேடையில் பாடுகிறவர்களுக்குக் கிடைக்கிற சன்மானம், பக்கவாத்தியக்காரர்களின் வண்டிச் செலவுக்கே காணாது என்ற நிலை பல இடங்களில் உண்டு. மேடை கேட்டுப் போகிற பிள்ளையிடமே நன்கொடை எதிர்பார்க்கிற வழக்கம் சில இடங்களில் இருப்பதும் இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த செய்திதான். இது நல்லதல்ல. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே நிற்கக்கூடிய மேடையாக அது ஆகிவிடும். அரங்கம் காலியாகக் கிடக்கிற வரைக்கும் 'யார் கேட்கிறார்கள், எதற்குச் சன்மானம்' என்ற பதில்தான் வரும். நாற்காலிகள் நிறைந்தால் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

பகல் கச்சேரியைப் போலவே கவனிக்காமல் விடப்படுகிற இன்னொன்று நாகஸ்வரம். விழாவின் தொடக்க நாளில் மங்கள இசை என்று போட்டிருப்பார்கள். பார்வையாளர்கள் வந்து, நலம் விசாரித்து, இடம் தேடி உட்காருகிற நேரமெல்லாம் அதன்மேல்தான் போகும். அகாடமியின் சங்கீத கலாநிதி விருது நாகஸ்வர வித்வான்களான இருவருக்கு வந்திருக்கிறது: 1956-ல் திருவீழிமிழலை சுப்ரமணிய பிள்ளைக்கும், 1998-ல் ஷேக் சின்ன மௌலானாவுக்கும் கொடுக்கப்பட்டது. தோடி என்றாலே டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பெயர் சொல்கிற ஊர் இது. ராக ஆலாபனையின் விஸ்தாரம் இந்த வாத்தியத்தில்தான் வளர்ந்தது என்று வாய்ப்பாட்டு வித்வான்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிற நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்கிறவர்களுக்கு அங்கீகாரம் வந்துவிட்டது, வாசிக்கிறவர்களுக்கு முழு நேர மேடை இன்னும் அரிதாகத்தான் இருக்கிறது. நாகஸ்வரத்துக்கென்றே தனி விழா நடத்துகிற சபாக்களும் உண்டு. நிரலில் தேடிப் பார்த்து ஒரு நாளாவது போங்கள். தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, இடது கையில் கழியோடு உட்காரும்போதே அரங்கின் காற்று மாறும். கூடுமானால் ஒலிபெருக்கிக்குத் தள்ளி உட்காருங்கள். அந்த வாத்தியத்துக்கு அது தேவையே இல்லை.

பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழா நடக்கும். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய இயக்கத்தின் விளைவு அது. அங்கே 1949 முதல், பழந்தமிழ் ராகங்களான பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டமும் நடக்கிறது. கோயில்களில் தேவாரம் பாடுகிற ஓதுவார்களும் ஆய்வாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து தேவாரப் பண்களைப் பாடிப் பார்ப்பார்கள். மேகராகக்குறிஞ்சி என்று ஓதுவார் பாடுவதை நாம் நீலாம்பரி என்று அடையாளம் கண்டுகொள்கிற நிமிடம் மிகவும் இனியது. மயிலாப்பூர், தியாகராய நகர் வட்டத்தைவிட்டு வெளியே வராத ரசிகர்கள் கடற்கரை ரயில் நிலையம்வரை ஒரு நாள் வரலாம்.

நடனம் விரும்புகிறவர்களுக்கு, கிருஷ்ண கான சபாவில் 1981-ல் தொடங்கிய நாட்டியக் கலா மாநாடு காலை நேரங்களில் உண்டு. ஜனவரி முதல் வாரத்தில் அகாடமியில் நாட்டிய விழா. திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவின் கலைவிழாவும் இந்த நாட்களில்தான். மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் நடக்கும் பஜனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் பஜனைக்கு முன்னே நடந்து பாடிப்போன வீதிகள் அவை.

பொங்கல் நாட்களில் பூங்காக்களிலும் மைதானங்களிலும் சென்னை சங்கமம் நடக்கும். 2007-ல் தொடங்கி, இடையில் நின்று, 2023-ல் திரும்ப வந்தது. பறையும் கரகமும் ஒயிலும் தெருக்கூத்தும் மாவட்டங்களிலிருந்து வந்து இறங்கும். மார்கழி முழுவதும் குளிரூட்டிய அரங்கில் உட்கார்ந்து கேட்டவர்கள் அங்கே வந்து நின்று கேட்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். பறையின் அடிகளை ஊன்றிக் கேட்டால் தனி ஆவர்த்தனத்தில் கேட்ட கணக்கின் உறவு புரியும். தாளம் எந்த ஓர் அரங்குக்கும் மட்டுமே சொந்தமில்லை.

வெளியூரில் இருப்பவர்கள், நடமாட முடியாத பெரியவர்கள் வானொலியை விட வேண்டாம். 1938-ல் சென்னை நிலையம் தொடங்கியதிலிருந்து கர்நாடக இசைக்கு இதைவிடப் பரந்த அரங்கம் அமைந்ததில்லை. கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டே ராகம் சொல்லக் கற்றுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

கடைசியாக, போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நிரலில் பெயர் தெரியாத இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கைபேசியை அணைத்துவிட்டு மங்களம் வரை இருங்கள். முடிந்ததும் மேடைப் பக்கம் போய், இன்ன ராகத்தில் இன்ன இடம் நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். 'நல்லா பாடினே' என்று பொதுவாகச் சொல்வது போதாது, இடத்தைச் சொல்ல வேண்டும். வயலின்காரரிடமும் மிருதங்கக்காரரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த ஆண்டு நிரலில் அதே பெயரைத் தேடுங்கள். மறுபடி பகலில்தான் இருந்தால் மறுபடி போங்கள். நாலு மணிக்கு ஏறியிருந்தால் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

நன்றி, வணக்கம்.