தவறான விடைக்குள் இருக்கும் ஒழுங்கு

பெரியோர்களே, பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே!

குழந்தை ஒரு விடையைத் தவறாகச் சொன்னால் உடனே திருத்திவிடுகிறோம். அது ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்கப் பொறுமை இருப்பதில்லை. 1920 வாக்கில், பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் தேர்வுகளைச் சீர்செய்யும் பணி ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து இளைஞருக்கு வந்தது. அவர் கண்ணோ தவறான விடைகள்மேல் போயிற்று. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரித் தவறுகிறார்களே, அது எப்படி?

ஐந்து வயதுக் குழந்தையின் முன் ஒரே மாதிரியான இரண்டு தம்ளர்களில் சம அளவு தண்ணீர் வையுங்கள். சமம் என்று ஒப்புக்கொள்ளும். அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தம்ளர் தண்ணீரை ஒல்லியான, உயரமான தம்ளரில் ஊற்றுங்கள். "இதில்தான் அதிகம்" என்று உயரமானதைக் காட்டும். பழைய தம்ளரில் திருப்பி ஊற்றினால் மறுபடியும் சமம்! இந்த முரண்பாடு அதை உறுத்துவதே இல்லை. உயரத்தைப் பார்க்கிற கண்ணுக்கு அகலம் தெரிவதில்லை. ஏழெட்டு வயதானதும் அதே குழந்தை, "நீங்கள்தான் எதுவும் சேர்க்கவில்லையே" என்று நம்மை ஏளனமாகப் பார்க்கும்.

குழந்தையின் சிந்தனை வளர்ச்சிக்குப் பியாஜே நான்கு கட்டங்கள் வகுத்தார். இரண்டு வயதுவரை தொட்டும் வாயில் வைத்தும் அறிவது. ஏழுவரை பேச்சும் கற்பனையும். பதினொன்றுவரை கண்முன் உள்ள பொருள்களைக் கொண்டு தர்க்கம். அதன்பின் "ஒருவேளை இப்படி இருந்தால்" என்ற யோசனை. கட்டங்களின் வரிசையை நம்பலாம். வயதுக் கணக்கைக் கால அட்டவணையாக்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள்.

அவரை மறுத்தவர்களும் உண்டு. 1970களில் ஸ்காட்லாந்தின் உளவியலாளர் மார்கரெட் டொனால்ட்சனும் அவருடைய சக ஆய்வாளரும் ஒரு வேடிக்கை செய்தார்கள். எண்ணிக்கையில் சமமான இரண்டு வரிசை வில்லைகளில் ஒன்றைப் பெரியவர் இழுத்து நீட்டினால், நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் "சமம் இல்லை" என்கிறார்கள். ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து கலைத்தாலோ, பலர் "சமம்தான்" என்கிறார்கள்! பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், வேறு விடையை எதிர்பார்க்கிறார் என்று குழந்தை கணக்குப் போடுகிறது என்பது அவர்கள் விளக்கம். கரடி கவனத்தைச் சிதறடித்ததுதான் காரணம் என்று வாதிட்டவர்களும் இருக்கிறார்கள்.

என் கட்சி டொனால்ட்சன் பக்கம். "நன்றாக யோசித்துச் சொல்" என்று ஆசிரியர் இரண்டாம் முறை கேட்டதும், சரியான விடையைக் கைவிட்டு விழிக்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.