வெண்ணெயில் எத்தனை பங்கு தண்ணீர்?

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் எருமைப் பட்டி வைத்திருக்கிற வீடுகளில், சட்டித் தயிருக்குப் போக மிஞ்சியதைக் கடைந்து வெண்ணெய் எடுப்பார்கள். வெள்ளை வெளேரென்று திரளும். அதைக் கிலோக் கணக்கில் விற்கிறோம், வாங்குகிறோம். அந்தக் கிலோவில் தண்ணீர் எவ்வளவு? கண்ணுக்குத் தெரியாது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி 16 வீதத்துக்கு மேல் தண்ணீர் இருக்கக்கூடாது, பாற்கொழுப்பு குறைந்தது 80 வீதம் இருக்க வேண்டும்.

பார்க்கிற முறை லேசு. 10 கிராம் வெண்ணெயை நிறுத்து, நெருப்பில் தண்ணீரை ஓட்டி, திரும்ப நிறுக்க வேண்டும். குறைந்த கிராமைப் பத்தால் பெருக்கினால் வீதம் வரும். நகை நிறுக்கிற மாதிரி 0.01 கிராம் காட்டும் தராசு, சின்ன அலுமினியக் கிண்ணம், இடுக்கி, இவ்வளவும் போதும்.

முதலில் மாதிரி எடுப்பது. தண்ணீர்ச் சட்டியில் மிதக்கும் உருண்டையை அப்படியே நிறுக்காதீர்கள், ஒட்டியிருக்கும் தண்ணீரும் கணக்கில் ஏறிவிடும். வடிய விடுங்கள். மேலே, நடுவே, அடியிலே என்று எடுத்து, மூடியுள்ள ஜாம் போத்தலில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக் குலுக்குங்கள். தயிர் ஏடு போலக் குழைய வேண்டும், எண்ணெயாக உருகக்கூடாது. உருகினால் தண்ணீர் அடியில் தங்கிவிடும், பிறகு நீங்கள் அள்ளுவது வெண்ணெய் அல்ல. நமது மத்தியான வெயிலில் அது தானே உருகும். காலையில் செய்யுங்கள்.

இனி நெருப்பு. எல்லாம் கெடுவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வீட்டில் முருங்கை இலை போட்டு நெய் உருக்குகிறோமே, அந்தச் சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் படபடவென்று பொரியும். அது தண்ணீர் போகிற சத்தம். கிண்ணத்தை இடுக்கியால் பிடித்து, மெல்லச் சுழற்றிக்கொண்டே சிறு தணலில் காட்டுங்கள். நெருப்புக் கூடினால் துளி வெளியே தெறிக்கும். தெறித்தது கொழுப்பு, ஆனால் தராசு அதைத் தண்ணீர் என்றே சொல்லும். சத்தம் அடங்கி, நுரை பொடியாகி, அடியில் இருக்கும் பால் கசடு இளம் பொன்னிறமாகும்போது இறக்க வேண்டும். நெய்க்கு வாசம் வரட்டும் என்று இன்னும் விடுவோம் அல்லவா, இங்கே விடக்கூடாது. புகை வந்தால் கொழுப்பே எரிகிறது, கணக்குக் கூடிவிடும். சத்தம் அடங்குமுன் இறக்கினால் கணக்குக் குறையும். சந்தேகமா? குளிர்ந்த கண்ணாடித் துண்டொன்றை மேலே பிடியுங்கள். ஆவி படிந்தால் தண்ணீர் இன்னும் மிச்சம். சத்தம் அடங்க வேண்டும், கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும், இரண்டும் வேண்டும்.

சூடான கிண்ணத்தை நிறுக்காதீர்கள். சூட்டுக் காற்று மேலே எழும்புவதால் தராசு எடையைக் குறைத்துக் காட்டும். கடற்கரைக் காற்றில் திறந்து வைத்தாலும் ஈரம் ஏறும். மூடியுள்ள பேணிக்குள் ஆறவிட்டு நிறுங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு. வெறுங்கிண்ணத்தையும் முதலில் சூடாக்கி ஆறவைத்தே நிறுக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். வெறுங்கிண்ணம் 31.20. வெண்ணெயோடு 41.20. காய்ச்சிய பிறகு 39.33. குறைந்தது 1.87 கிராம், அதாவது 18.7 வீதம். ஒரு கிலோவுக்கு 187 கிராம் தண்ணீர்! இரண்டு தடவை செய்யுங்கள். அரை வீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவதும் செய்யுங்கள்.

நேரம் முடிகிறதென்று இங்கே கைகாட்டுகிறார்கள். தண்ணீரைக் குறைப்பது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் போட்ட தண்ணீரில் கழுவி, மர அகப்பையால் அழுத்தி அழுத்திப் பிசையுங்கள், வெட்டிய முகத்தில் தண்ணீர்த் துளி மினுங்குவது நிற்கும் வரைக்கும். இளகிய வெண்ணெயைப் பிசைந்தால் தண்ணீர் வெளியே வராது, உள்ளேயே கலந்துவிடும். நன்றி, வணக்கம்.