டயாலிசிஸின் தரத்தை எதில் பார்ப்பது?

[திரையில்: டயாலிசிஸ் அறை வாசலில் உள்ள எடைக்கருவி]

வணக்கம். டயாலிசிஸ் மையத்தைத் தேடும் குடும்பத்தினர் இயந்திரம் புதியதா, அறையில் ஏசி இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். நாம் இந்த எடைக்கருவியிலிருந்து தொடங்குவோம்.

உடலில் மிகைநீர் இல்லாத நிலையில் ஒருவருக்கு இருக்கும் எடையை 'ட்ரை வெயிட்' என்பார்கள். அது 60 கிலோ உள்ளவர் 64 கிலோவாக வந்தால், ஏறத்தாழ நான்கு லிட்டர் நீரை எடுக்க வேண்டும். நான்கு மணி நேரத்தில் எடுத்தாலும், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு சுமார் 17 மில்லி ஆகிறது. 13 மில்லியைத் தாண்டினாலே இதயத்தின் மீது சுமை கூடுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. அடுத்த ஷிப்டுக்கு ஆள் காத்திருக்கிறார் என்று அதே நீரை மூன்று மணி நேரத்தில் எடுத்தால் அளவு 22 மில்லியைத் தொடும். கெண்டைக்கால் பிடித்திழுப்பதும், ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வருவதும் பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான். நல்ல மையம் நேரத்தை நீட்டும், இல்லையேல் கூடுதலாக ஒரு நாள் வரச் சொல்லும். தண்ணீரைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, தாகத்தைத் தூண்டும் ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றிப் பேசாமல் விடுவது அரைகுறை அறிவுரை என்றே சொல்வேன்.

[திரையில்: இரண்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள்]

அடுத்தது, கழிவு போதுமான அளவு நீங்கியதா என்பது. வாரம் மூன்று முறை செய்துகொள்பவருக்கு, ஒவ்வொரு முறையும் ரத்த யூரியா குறைந்தது 65 சதவீதம் குறைய வேண்டும். அதாவது 140 ஆக இருந்தது 49-க்கு இறங்க வேண்டும். முடிவில் எடுக்கும் மாதிரியை, ரத்தத்தை இயந்திரத்துக்குள் செலுத்தும் பம்பின் வேகத்தைத் தணித்த பிறகே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுத்திகரித்த ரத்தமே அதில் கலந்து, கணக்கு உள்ளதைவிட நன்றாகத் தெரியக்கூடும். செலவை எண்ணி வாரம் இரு முறையோடு நிறுத்திக்கொள்வோர் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு இந்த 65-ஐ மட்டும் பார்த்துத் திருப்தி அடைய முடியாது.

[திரையில்: முன்கையில் ஃபிஸ்டுலா]

ரத்தத்தை இயந்திரத்துக்குக் கொண்டுசெல்லக் கழுத்தில் போடும் குழாயைவிட, கைத்தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கும் ஃபிஸ்டுலாவில் தொற்று அபாயம் மிகவும் குறைவு. ஆனால் அது ஊசி குத்தும் அளவுக்குத் தயாராக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், டயாலிசிஸ் தேவைப்படுவதற்கு வெகு முன்பே அறுவைச் சிகிச்சையைத் திட்டமிட வேண்டும். அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ, பிபி பார்க்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். தினமும் விரல் வைத்துப் பாருங்கள். வழக்கமான அதிர்வு இல்லையென்றால், அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

[திரையில்: ஆர்.ஓ. அறை]

நோயாளிகளின் கண்ணில் படாத இடம் இது. டயாலிசிஸ் திரவத்துக்கான நீரைச் சுத்திகரிப்பது இங்கேதான். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம், நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் ரத்தத்தின் அருகே, ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால், ஓடுகிறது. குடிநீரில் கலக்கும் குளோரின், குளோரமின் ஆகியவை வடிகட்டப்படாமல் அதில் வந்துவிட்டால் சிவப்பணுக்கள் சிதையும். அதனால் கார்பன் வடிகட்டியைத் தாண்டி வரும் நீரை ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்பும் சோதித்து, நேரத்தையும் அளவையும் எழுதி, சோதித்தவர் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதிவேட்டைக் காட்டுமாறு நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.