ஜிங்கரோ காப்பகத்துக்குள் கார் போகுமா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஜூலையில் குடும்பத்தோடு இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகிறோம். சான் வீத்தோ லோ காப்போவில் தங்குகிறோம். பிள்ளைகளுக்கு எட்டு வயது, பதினோரு வயது. அம்மாவும் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி. ஜிங்கரோ இயற்கைக் காப்பகத்துக்குள் எவ்வளவு தூரம் காரில் போகலாம்? இந்தப் பக்கம் நுழைந்து ஸ்கொப்பெல்லோ பக்கமாக வெளியே வந்துவிடலாமா?"

காரில் ஒரு அடிகூட உள்ளே போக முடியாதுங்க. வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான். வடக்கே சான் வீத்தோ பக்கம் ஒரு வாசல், தெற்கே ஸ்கொப்பெல்லோ பக்கம் ஒரு வாசல். மேப்பில் பார்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். கரையோரமாக நடந்தால் 7 கிலோமீட்டர்தான். ஆனால் காரில் ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்குப் போக மலையைச் சுற்றி 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அதனால் இங்கே நுழைந்து அங்கே வெளியேறினால், வண்டி இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம் என்றாகிவிடும்.

ரோடு போடாமல் விட்டது அலட்சியத்தால் இல்லை. எழுபதுகளில் இந்தக் கரை ஓரமாகவே இரண்டு ஊரையும் இணைத்து ரோடு போட வேலை தொடங்கிவிட்டார்கள். ரோடு வந்தால் அடுத்து ஹோட்டல், பங்களா எல்லாம் வரும் என்று இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். 1980 மே 18 அன்று ஆயிரக்கணக்கான பேர் இந்தக் கரை நெடுக நடந்தே போராட்டம் நடத்தினார்கள். வேலை நின்றது. மறு வருடமே, 1981 மே மாதம், சிசிலியின் பிராந்திய சட்டமன்றம் காப்பகங்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தத் தீவின் முதல் இயற்கைக் காப்பகம் ஜிங்கரோதான். ஸ்கொப்பெல்லோ வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் சின்னதாக ஒரு சுரங்கப்பாதை வரும். அந்த ரோட்டுக்காக மலையில் குடைந்தது அது. இப்போது தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக நடந்து போகிறவர்களுக்குத்தான் அது பயன்படுகிறது. எனக்கு அங்கே மிகவும் பிடித்த இடம் எது என்றால் இதைத்தான் சொல்வேன், கடலைக்கூட அப்புறம்தான்.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். முழுப் பாதையும் போய்த் திரும்பினால் 14 கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் வேறு. ஜூலை வெயிலில் எட்டு வயதுப் பிள்ளையோடு அது வேண்டாம். பெரும்பாலானவர்கள் ஸ்கொப்பெல்லோ வழியாக வந்து, முதலில் வருகிற கப்ரேரியா கடற்கரையிலேயே துண்டை விரித்துவிடுவார்கள், அதனால் அங்கே கூட்டம் அதிகம். நீங்கள் தங்குவது சான் வீத்தோவில் என்பதால் வடக்கு வாசல்தான் உங்களுக்குச் சௌகரியம். உள்ளே போனதும் கொஞ்ச தூரத்திலேயே தொன்னரெல்லா தெல் ஊத்ஸோ என்ற குட்டி வளைகுடா வந்துவிடும். குளிக்க அது போதும்.

அங்கிருந்து தெற்கே இன்னும் கொஞ்சம் நடந்து ஊத்ஸோ குகையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பாதைக்கு மேலே மலை வாயைத் திறந்து வைத்திருப்பது மாதிரி இருக்கும். சுமார் 10,000 வருடங்களுக்கு முன்னாலேயே இதில் மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள், இறந்தவர்களையும் இங்கேயே புதைத்திருக்கிறார்கள். தோண்டிப் பார்த்ததில் அடி மண்ணில் காட்டு மான், காட்டுப்பன்றி எலும்புகள் நிறைய கிடைத்தன. மேலே வர வர மீன் முள் கூடியது. அதற்கும் மேலே வளர்ப்பு ஆடுகளின் எலும்புகள். வேட்டையாடியவர்கள் கடலில் மீன் பிடிக்க ஆரம்பித்து, அப்புறம் ஆடு மேய்க்கத் தொடங்கிய கதை முழுக்க ஒரே குழியில் அடுக்கடுக்காகக் கிடந்திருக்கிறது. பதினோரு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், கேள்வி மேல் கேள்வி வரும்.

வழியெல்லாம் இடுப்பளவு உயரத்தில் விசிறி மாதிரி இலை விரித்த செடிகள் நிற்கும். அது குட்டைப் பனை. ஐரோப்பாவில் தானாக வளர்கிற பனை இனங்கள் இரண்டுதான், அதில் இது ஒன்று. இதன் ஓலையில்தான் சிசிலிக்காரர்கள் துடைப்பம், கயிறு, கூடை எல்லாம் செய்துவந்தார்கள். இலைக்காம்பின் இரண்டு ஓரத்திலும் ஊசி ஊசியாக முள் இருக்கும், பாதை குறுகலான இடத்தில் காலைக் கீறிவிடும். அதனால் பிள்ளைகளுக்கு அரைக்கால் சட்டை வேண்டாம், முழுக்கால் சட்டையே போடுங்கள். 2012 ஆகஸ்ட்டிலும் 2020 ஆகஸ்ட்டிலும் இங்கே பெரிய தீ பிடித்தது. அப்படிக் கருகிப்போன பனைக் கட்டையிலிருந்தும் பச்சைக் குருத்து கிளம்பிவிடும், அவ்வளவு கெட்டியான செடி. மற்ற மரங்கள் அவ்வளவு சீக்கிரம் மீள்வதில்லை. அனல் காற்று வீசும் நாட்களில் தீ பயத்தால் காப்பகத்தையே மூடிவிடுவதும் உண்டு. கிளம்புவதற்கு முதல் நாள் தங்குமிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். இந்தக் கரை கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும், பாதையில் நிழலே கிடையாது. வெயில் ஏறுவதற்கு முன்னால் நடையை முடித்துவிட்டு நடுப்பகலைத் தண்ணீரில் கழிக்கலாம். மாலையில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும், திரும்பி வர அதுதான் நல்ல நேரம். உள்ளே சாப்பாட்டுக் கடையை எதிர்பார்க்காதீர்கள், குடை வாடகைக்குக் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் மணல் இல்லை, வெள்ளைக் கூழாங்கற்கள். மதியத்தில் சுடும். தண்ணீருக்குள் பாறையை ஒட்டிக் கடல் முள்ளெலி இருக்கும், மிதித்தால் முள் உள்ளேயே ஒடிந்துவிடும். ரப்பர் செருப்பு போதாது, காலைக் கவ்விப்பிடிக்கிற ஷூ வேண்டும்.

அம்மாவை இந்தப் பாதையில் நடக்க வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கல்லும் சரிவுமாக இருக்கும். சான் வீத்தோ துறைமுகத்திலிருந்து இந்தக் கரையை ஒட்டிப் படகுச் சவாரி போகிறார்கள். ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து படகில் போங்கள். கீழே கரையிலிருந்து பார்த்தால் புரியாத மலையின் உயரம் கடலிலிருந்துதான் தெரியும், உச்சி 913 மீட்டர். நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் போனெல்லிக் கழுகுகூடக் கண்ணில் படலாம், நம் நாட்டிலும் இருக்கிற பறவைதான். நடைக்கு வேறொரு நாளை வைத்துக்கொண்டு, அன்று அம்மா சான் வீத்தோ கடற்கரையில் இருக்கட்டும். அங்கே நல்ல மணல், தண்ணீரும் ஆழமில்லை.