பிச்சி எத்தனை மணிக்கு விரியும்?

எல்லோருக்கும் வணக்கம். படமே தெரியாத வானொலியில் படத்தைப் பற்றிப் பேச, ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பரவாயில்லை. பரீட்சை நெருங்கினால் கணக்கு சார் முதலில் பிடுங்கிக்கொள்வது ஓவிய பீரியடைத்தான், மிச்சம் கிடைக்கிற பத்து நிமிடத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் பாடம் நடத்திப் பழகியவன் நான். இன்றைக்கு 15 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இதுவே அதிகம்.

விஷயம் என்னவென்றால், பூ, மரம், கடல், காற்று இதையெல்லாம் கம்ப்யூட்டரை வைத்துச் செய்கிற கலை. ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ரேடியோவை மாற்றிவிடாதீர்கள். நாகர்கோவிலில் எந்தக் கல்யாண மண்டபத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், மேடைக்குப் பின்னால் எல்இடி திரையில் ரோஜா இதழ் கொட்டிக்கொண்டே இருக்கும். முகூர்த்தத்தில் தொடங்கி பந்தி முடிகிற வரைக்கும் ஒரே மாதிரி கொட்டும். அதற்கு முன்னால் மாப்பிள்ளை கழுத்தில் கிடக்கிற நிஜ மாலை பதினோரு மணிக்கே வாடத் தொடங்கியிருக்கும். நான் கல்யாணத்துக்குப் போனால் சாப்பாட்டுக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது இந்த இரண்டையும்தான், என் மனைவிக்கு அது பிடிக்காது.

திரையில் இருக்கிற ரோஜாவுக்கு என்ன குறை? நிறம் அருமை, இதழில் பனித்துளிகூட வைத்திருக்கிறார்கள். குறை எங்கே என்றால் அதற்கு நேரம் என்பதே கிடையாது. இந்தக் கலையில் எது நல்லது எது சும்மா என்று எனக்குப் பிரித்துக் காட்டுவது அந்த ஒன்றுதான். படம் எவ்வளவு அழகு என்பது அப்புறம், அந்தப் பூவுக்கு ஒரு நேரம் இருக்கிறதா?

ஜப்பானில் டீம்லேப் என்று ஒரு குழு இருக்கிறது, 2001-இல் தொடங்கியது. ஓவியர்கள், புரோகிராம் எழுதுகிறவர்கள், கட்டடக் கலைஞர்கள் எல்லாம் கலந்து கிடக்கிற கூட்டம். 2018-இல் டோக்கியோவில் இவர்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள், அதை 2022-இல் மூடி 2024-இல் வேறு இடத்தில் மறுபடி திறந்திருக்கிறார்கள். அங்கே சுவர், தரை எல்லாம் பூவாக இருக்கும். மொட்டு வரும், விரியும், உதிரும், மறுபடி முளைக்கும். நாம் போய்த் தொட்டால் இதழ் உதிர்ந்துவிடும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இது முன்னாலேயே எடுத்து வைத்த வீடியோ இல்லை. கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் அப்போதைக்கப்போது வரைந்துகொண்டிருக்கிறது. அதனால் இந்த நிமிடம் பார்த்த காட்சி திரும்ப வராது. திரும்ப வராது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி அதற்கு வருவேன்.

சரி, இப்போது நம்ம ஊர்க் கதை ஒன்று. இதைக் கேட்டவர்கள் ஏற்கனவே நிறையப் பேர் இருப்பார்கள், என்னிடம் மாட்டினால் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது கொச்சியில் அனிமேஷன் வேலை பார்க்கிறான். பொங்கல் லீவுக்கு வந்தவன் ஒரு புரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு வந்தான். "சார், பிச்சிப்பூ வைத்து ஒன்று செய்திருக்கிறேன், பெரிய சுவராக ஒன்று வேண்டும்" என்றான். என் மதினி வீடு பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளையில் இருக்கிறது, அங்கே வெள்ளையடித்த சுவர் ஒன்று உண்டு. மதினி பூக்கட்டுகிறவர். அம்பது வருடமாகக் கட்டுகிறார், பேசிக்கொண்டே கட்டுவார், டிவி பார்த்துக்கொண்டே கட்டுவார், தூங்கிக்கொண்டே கட்டுவார் என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம்.

ராத்திரி ஏழு மணிக்குப் போட்டான். சுவர் முழுக்கப் பச்சைக்கொடி, நானூறு மொட்டு, மேலே பளீரென்று சூரியன். நானூறும் மெல்ல விரிந்தன. தெருப்பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தின. புரொஜெக்டர் வெளிச்சத்துக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்குப் பின்னால் ஒரு பல்லி வந்து நட்டநடுப் பூவில் உட்கார்ந்து லபக்கென்று ஒன்றைப் பிடித்தது. அதுவும் படத்தில் உள்ளது என்று நினைத்துப் பிள்ளைகள் கை தட்டின. பையனுக்குக் கோபம். எனக்கு அந்தப் பல்லிதான் பிடித்திருந்தது, அதை அவனிடம் சொல்லவில்லை.

மதினி கட்டுகிற கையை நிறுத்தாமல் பார்த்தார். கடைசியில், "மக்ளே, படம் கொள்ளாம். ஆனா பட்டாளத்துக்காரன் மாதிரி எல்லாம் ஒண்ணுபோலல்லா விரியுது. அதும் உச்சைக்கு எந்தப் பிச்சி விரியும்?" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான், நான் சுவரைப் பார்த்தேன். ஓவிய வாத்தியார் எனக்கே அது தோன்றவில்லை பாருங்கள். பிச்சி சாயங்காலம் விரிகிற பூ. தோவாளைச் சந்தை விடிவதற்கு முன்னாலேயே சூடுபிடிப்பது எதற்காக? மொட்டாக வாங்கி, மொட்டாகவே கட்டி, விரிவதற்கு முன்னால் வாங்குகிறவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மதினியின் பிழைப்பே அந்தக் கடிகாரத்தோடு ஓடுகிற ஓட்டம்தான். அவரிடம் போய் மத்தியானப் பிச்சியைக் காட்டினால்?

பையன் ரோஷக்காரன். சூரியனை எடுத்துவிட்டு அந்தி வெளிச்சம் போட்டான். ஒரு பூவைச் செய்து அதையே நானூறு தடவை நகல் எடுத்திருந்தான், அதையும் மாற்றி ஒவ்வொரு பூவும் இஷ்டப்பட்ட நேரத்தில் விரியட்டும் என்று விட்டான். அவர்கள் பாஷையில் ரேண்டம். மறுநாள் ராத்திரி காட்டினான். மதினி, "நேத்து பட்டாளம், இண்ணைக்கு சந்தைக்கூட்டம்" என்றார். பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. "பெரியம்மை, அப்ப எப்படித்தான் விரியும், நீங்களே சொல்லுங்க" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவர் கூடையில் இருந்து ஒரு கொத்தை எடுத்துக் காட்டினார். நடுமொட்டு முந்தும், பக்கத்து மொட்டு பிந்தும். அதற்கும் பக்கத்தில் கிளைத்தது இன்னும் பிந்தும். ஒரு கொத்துக்குள் ஒரு வரிசை உண்டு, ஆனால் கொத்துக்குக் கொத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அவ்வளவுதான். ஒரே மாதிரியும் இல்லை, இஷ்டத்துக்கும் இல்லை.

இதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஏனென்றால் இதே விஷயத்தை நான் வேறு இடத்தில் படித்திருக்கிறேன். அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்று ஹங்கேரியில் பிறந்த ஒரு உயிரியல்காரர். பாசி, பூஞ்சை எப்படிக் கிளைவிட்டு வளர்கின்றன என்பதை 1968-இல் சின்னச் சின்ன விதிகளாக எழுதினார். ஒரு எழுத்து அடுத்த முறை இரண்டு எழுத்தாகும், அந்த இரண்டும் மறுபடி பிரியும், அப்படிப் பிரிந்து பிரிந்தே ஒரு செடி வந்துவிடும். இன்றைக்கு சினிமாவிலும் வீடியோ கேமிலும் நீங்கள் பார்க்கிற கம்ப்யூட்டர் காடுகள் பலவற்றுக்கு வேர் அந்த விதிகளில் இருக்கிறது. பையனுக்கும் அது பாடத்தில் இருந்ததாம், "இருந்துது சார், ஆனா எதுக்குன்னு தெரியாது" என்றான். மூன்றாம் நாள் அந்த விதியைப் போட்டு எழுதிக்கொண்டு வந்தான். மதினி ஒன்றும் சொல்லவில்லை, கட்டுகிற கை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அப்போது கரண்ட் போய்விட்டது.

உடனே, கம்ப்யூட்டர் எல்லாம் நம்ம முன்னோருக்கு அன்றே தெரியும் என்று நான் ஆரம்பிக்கப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. மதினிக்கு ஃபோனில் நம்பர் தேடக்கூடத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது பிச்சி. பையனுக்குத் தெரிந்தது கம்ப்யூட்டர். இரண்டு பேரும் ஒரே சுவர் முன்னால் உட்கார வேண்டியிருந்தது, அவ்வளவுதான் கதை.

தோவாளை என்று சொன்ன பிறகு மாணிக்க மாலையைச் சொல்லாமல் போக முடியாது. 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், அது உருண்டையான மாலை இல்லை, பாய் மாதிரி தட்டையாக இருக்கும். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை, இவற்றை மடித்து எண்ணி எண்ணி வரிசையாகக் கோப்பார்கள். கிட்டே போனால் ஒவ்வொரு பூவும் ஒரு சின்னக் கட்டம், தள்ளி நின்றால் மணி பதித்த மாதிரி மின்னும். உங்கள் ஃபோன் திரையை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் இப்படித்தான், பொட்டுப் பொட்டாகக் கட்டம், அதற்கு பிக்சல் என்று பெயர். வகுப்பில் பிக்சலை விளக்க நான் இந்த மாலையைத்தான் கொண்டுபோவேன். ஒரே வித்தியாசம், இந்தப் பிக்சல் மறுநாள் வாடிவிடும்.

மறுபடி நேரத்துக்கே வந்துவிட்டேன் பாருங்கள்.

டேவிட் ஹாக்னி என்று இங்கிலாந்து ஓவியர், 1937-இல் பிறந்தவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஃபோனிலும் ஐபேடிலும் விரலால் வரையத் தொடங்கினார். விடியற்காலை படுக்கையில் இருந்தபடியே ஜன்னலில் சூரியோதயத்தை வரைவார். திரையே வெளிச்சமாக இருப்பதால் இருட்டில் லைட் போட வேண்டாம், சாயம் கரைக்க வேண்டாம், அதற்குள் விடிந்துவிடாது. கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்க்க நின்றவர்களுக்குத் தெரியும், அந்த நிறம் எவ்வளவு நேரம் நிற்கும்? நான் முக்கடல் கரையில் வாட்டர்கலர் வைத்து முயற்சி செய்திருக்கிறேன். தாள் காய்வதற்குள் சூரியன் நடுவானத்துக்குப் போய்விட்டது. 2011-இல் ஹாக்னி தன் ஊர்ப்பக்கத்துச் சாலை ஒன்றில் வசந்தம் வருவதை ஐபேடில் நாள் நாளாக வரைந்தார், 51 படம். மொட்டை மரத்தில் இருந்து பச்சை பிடிக்கிற வரைக்கும். இன்னொரு விசேஷம், அந்தக் கருவியில் வரைந்ததை முதல் கோட்டில் இருந்து திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். ஓவியனின் கை எங்கே தயங்கியது என்பதுவரை தெரியும். எனக்கு முன்னாலேயே இது கிடைத்திருந்தால் பாதிப் பிள்ளைகளின் ஹோம்வொர்க்கை அண்ணன்தான் வரைந்தான் என்று கண்டுபிடித்திருப்பேன்.

அடுத்து அன்னா ரிட்லர் என்ற பெண் கலைஞர். நெதர்லாந்தில் டியூலிப் பூக்கிற பருவம் முழுக்க அங்கேயே இருந்து 10,000 பூவைப் படம் எடுத்தார், ஒவ்வொன்றுக்கும் நிறம் என்ன, வகை என்ன என்று தன் கையாலேயே எழுதினார். டியூலிப் வரையக் கற்றுக்கொள்ள அதைத்தான் கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கொடுத்தார். பருவம் முடிந்தால் பூவும் முடிந்தது, அதற்கு அப்புறம் படம் எடுக்க ஒன்றும் கிடையாது. இந்த அவசரம் எனக்குப் பிடித்திருக்கிறது, தோவாளை அவசரம் மாதிரி.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்டர்நெட்டில் கிடைக்கிற கோடிக்கணக்கான இயற்கைப் படங்களை மொத்தமாக இயந்திரத்துக்குப் போட்டு, பெரிய திரையில் அலை அலையாக நிறத்தைப் புரள விடுகிற வேலை இப்போது ரொம்பப் பிரபலம். ரெஃபிக் அனடோல் அதில் பெரிய பெயர், இஸ்தான்புல்லில் பிறந்தவர். திறமைசாலி, சந்தேகமில்லை, முதல் ஐந்து நிமிடம் வாய் பிளந்துதான் பார்ப்பீர்கள். ஆறாவது நிமிடத்தில் எனக்கு அது எந்த ஊர்க் கடல், என்ன மாதம், காலையா சாயங்காலமா என்று கேட்கத் தோன்றுகிறது. எல்லாக் கடலையும் கலந்தால் ஒரு கடலும் இல்லாமல் போகிறது. சும்மா அலை பார்க்க வேண்டுமென்றால் எனக்கு முட்டத்துக்கு பஸ் இருக்கிறது. இது என் அபிப்பிராயம், பையனுக்கு அனடோல் என்றால் உயிர், இதைச் சொன்னதற்காக ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம் என்று நினைக்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்ல வந்தேன். 2012-இல் அமெரிக்காவில் இரண்டு பேர் அந்த நாட்டின் காற்றைக் கம்ப்யூட்டர் வரைபடத்தில் முடி கோதிய மாதிரி கோடுகளாக ஓட விட்டார்கள், அதை நம்ம கணவாய்க்குச் செய்தால் எப்படி இருக்கும் என்று பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அது நிற்கட்டும்.

கோலத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், உண்மையில் இதைப் பேசத்தான் வந்தேன். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன், மூன்று பேரும் 1974-இல் புள்ளிக்கோலத்துக்குக் கம்ப்யூட்டர் இலக்கணம் எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். படத்தைக் கட்டம் கட்டமாக எழுதுகிற விதிகள், மொழிக்கு இலக்கணம் மாதிரி. லிண்டன்மேயர் செடிக்குச் செய்ததும் இவர்கள் கோலத்துக்குச் செய்ததும் ஒரே குடும்பம். இதில் கோலத்துக்கும் ஒரு நேரம் உண்டு, சூரியன் வருவதற்கு முன்னால் போட வேண்டும், எறும்பு தின்னும், அந்த எறும்பை இலக்கணத்தில் எங்கே வைப்பது என்று... ஒரு விரல் காட்டுகிறார்கள். சரி, இன்னொரு நாள் கூப்பிட்டால் எறும்பில் இருந்து தொடங்குகிறேன். வணக்கம்.