நடுவில் உட்கார்ந்து கேட்பது

நேயர்களுக்கு வணக்கம். வாத்தியக்காரர்கள் மேடையிலும் நாம் கீழேயும் எதிரெதிராக அமர்வதுதான் கச்சேரி என்று பழகியிருக்கிறோம். மேற்கத்திய நவீன செவ்விசையில் சிலர் அந்த ஏற்பாட்டையே கலைத்துவிட்டு, கேட்பவரை இசைக்குழுவின் நடுவே உட்கார வைத்தார்கள்.

கிரேக்க இசையமைப்பாளர் யானிஸ் செனாகிஸின் 'டெர்ரெடெக்டோர்' 1966 ஏப்ரலில், பிரான்சின் ருவாயான் என்னும் கடற்கரை ஊரில் அரங்கேறியது. 88 கலைஞர்கள் கூட்டத்துக்குள்ளேயே ஆங்காங்கே அமர்ந்தார்கள். நடத்துநர் ஹெர்மன் ஷெர்கன் மையத்தில் நின்றார். ஒரே சுரம் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு மாறி மாறி அரங்கைச் சுற்றி வந்தது. கேட்பவர் நடுக்கடலில் சிறு படகில் இருப்பதுபோல் உணரலாம் என்று செனாகிஸே எழுதியிருக்கிறார். வத்தையில் போய் வருகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிறுவயதில் என் தாய்மாமா என்னை இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் ஒரு தூணோரம் நிறுத்தி, "கண்ண மூடுடா, மேளம் எந்தப் பக்கமா வருதுன்னு சொல்லு" என்றார். சுவாமி புறப்பாடு நேரம். நாகசுர ஓசை கல்லில் பட்டுப் பட்டுத் திரும்பியதில் நான் உறுதியாகக் கிழக்கே கைநீட்ட, தவில் மேற்கு மூலையிலிருந்து திரும்பியது. மாமா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மறுமுறை பொறுமையாகக் கேட்டபோது, தவிலில் விரலில் கூடு மாட்டி அடிக்கும் வலப்பக்கமான வலந்தலையின் சுள்ளென்ற அடி முதலில் தெளிந்தது; மேளம் என்னைக் கடந்துபோன பிறகுதான் ஒத்து என்னும் சுருதிக் குழலின் ரீங்காரத்தைத் தனியே பிரித்தறிய முடிந்தது. ஓசை ஒரு காதை எட்டி மறு காதை எட்டுவதற்குள் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த இடைவெளியைக் கொண்டே திசையை அறிகிறோம். கல் பிராகாரம் அந்தக் கணக்கைக் குழப்பியதால்தான் நான் ஏமாந்தேன்.

இன்று திருவிழா என்றால் நான்கு மூலையிலும் கூம்புக் குழாய் கட்டி ஒரே பாட்டை அலறவிடுகிறார்கள். சத்தம் பெரிதாவது வேறு, ஓசை நம்மைச் சூழ்வது வேறு. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். கச்சான் என்னும் மேல்காற்றுக் காலத்தில் தனுஷ்கோடி மணலில் நின்று பாருங்கள்: தெற்கே ஆண்கடல் என்னும் மன்னார் வளைகுடா இரைவது ஒரு காதிலும், வடக்கே பெண்கடல் என்னும் பாக் நீரிணை சலசலப்பது மறு காதிலும் விழும். வேறு வேறு திசையிலிருந்து வேறு வேறு ஓசை வர வேண்டும், ஐயா. வேறு வேறு ஓசை!

வானொலி நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். 1958-இல் கொலோன் நகரில் மூன்று இசைக்குழுக்களையும் மூன்று நடத்துநர்களையும் கொண்டு அரங்கேறிய, ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் படைப்புக்காக எழுதி வைத்த தாளை மடித்துவிடுகிறேன். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸின் 'பிகம் ஓஷன்' பற்றி மட்டும் ஒரு வார்த்தை: 2013-இல் சியாட்டிலில் அரங்கேறி மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற அதில், இசைக்குழுவின் மூன்று பிரிவுகள் அவரவர் கதியில் அலைபோல் எழுந்து தணிந்து, சில இடங்களில் மட்டும் ஒன்றாகப் பொங்குகின்றன. ஏறத்தாழ 42 நிமிடம். பதிவு கிடைத்தால் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். வணக்கம்.