திகதி சொல்லும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

விறாந்தையில் ஒரு தையல் மெசின், அதற்குப் பக்கத்தில் துணியை இழுத்துக் கட்டிக் கொளுக்கி ஊசியால் நூலும் மணியும் தைக்கும் ஆரி வேலைச் சட்டம், அறைக்குள் பிள்ளைகளின் சத்தம், அடுப்பில் சோறு. திருகோணமலை நகரத்திலும் உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கங்களிலும் இப்படி வீட்டுக்குள் இருந்தே சாறிச்சட்டை தைத்து, அதில் ஆரி வேலை செய்து கொடுக்கும் பெண்கள் உண்டு. "பிள்ளைகளோட இருக்கத்தானே வீட்டில தொழில் தொடங்கினது, இப்ப வீட்டுக்குள்ள இருந்தும் பிள்ளைகளோட இல்லையே" என்ற ஏக்கம் இந்தத் தொழிலில் அடிக்கடி வருவது. இன்றைய பேச்சு அந்த ஏக்கத்தைப் பற்றியது.

இரவு பதினொரு மணிக்குக் கண் எரிய எரிய மணி கோக்கும்போதுதான் வீட்டின் சந்தோசம் போய்விட்டதாகத் தோன்றும். உண்மையில் அது இரண்டு கிழமைக்கு முன்னமே போய்விட்டது. வாடிக்கையாளர் வாசலில் நின்று "எப்ப தருவீங்கள்?" என்று கேட்க, யோசிக்காமல் "அடுத்த சனிக்கிழமை" என்று சொன்ன அந்த அரை நிமிடத்தில் போனது. ஆகவே திகதி சொல்லும் நேரத்தில் இருந்தே தொடங்குவோம்.

பள்ளிக்கூடம் காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை. ஆறு மணித்தியாலம் கையில் இருப்பதுபோலத் தெரியும். சமையல், சந்தை, உடுப்புக் கழுவுதல், ஒரு தொலைபேசி அழைப்பு, வாசலுக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா எல்லாவற்றையும் கழித்தால் ஊசி பிடிக்கக் கிடைப்பது மூன்றரை மணித்தியாலம். கிழமைக்கு ஐந்து நாளென்றால் பதினேழரை. இதுதான் உங்கள் உண்மையான முதல்.

கழுத்துக்கும் இரண்டு கைக்கும் நடுத்தர வேலை கேட்கும் ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். பழகிய கைக்கு ஆரி வேலை 20 மணித்தியாலம், வெட்டித் தைத்து ஹூக் வைத்து விளிம்பு மடிக்க 4, மொத்தம் 24. இதோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். நூல் முடிந்துபோகும், கரண்ட் நிற்கும், சின்னவனுக்குக் காய்ச்சல் வரும். இப்போது 32 மணித்தியாலம். மூன்றரையால் பிரித்தால் ஒன்பது நாளும் கொஞ்சமும். பத்து வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக இரண்டு கிழமை. "அடுத்த சனி" என்று வாயில் வந்தது ஒரு கிழமை. குறைந்த அந்த ஒரு கிழமையை இரவுச் சாப்பாட்டில் இருந்தும், பிள்ளையின் வீட்டுப்பாட நேரத்தில் இருந்தும், உங்கள் நித்திரையில் இருந்தும்தான் எடுக்கிறீர்கள்.

80 பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒவ்வொரு ஓடருக்கும் எத்தனை மணித்தியாலம் என்று நினைத்தீர்கள், எத்தனை எடுத்தது, என்ன திகதி சொன்னீர்கள், எப்போது முடிந்தது என்று நான்கு நிரல் போடுங்கள். பத்து ஓடர் எழுதியதும் உங்கள் மதிப்பீடு எவ்வளவு குறைகிறது என்பது தெரிந்துவிடும். எப்போதும் கால்வாசி குறைவாக நினைக்கிறவர் மூன்றில் ஒரு பங்கு கூட்டிச் சொன்னால் சரி. மற்றவர் எவ்வளவு வேகமாகச் செய்கிறார் என்பது இந்தக் கொப்பிக்குத் தேவையில்லை.

அவசரமென்று வருபவரிடம் முறியாமல் எப்படிச் சொல்வது? "அக்கா, 20ஆம் திகதிக்கு முன்னம் என்னட்ட இடமில்லை. 24 எண்டால் வடிவாச் செய்து தருவன். அது சரிவராட்டில் கையை விட்டுட்டு கழுத்து மட்டும் 20க்குத் தரலாம்." இடமில்லை என்பதைச் சொல்லி, திகதியையும் சொல்லி, வேலையைக் குறைக்கும் வழியையும் காட்டுகிறது இந்தப் பேச்சு. "பார்ப்பம், முயற்சி பண்ணுறன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்பவர் காதில் அது "சரி" என்றுதான் விழும்.

அளவெடுக்க வருபவர்களுக்கும் நேரம் வையுங்கள். செவ்வாயும் சனியும் பின்னேரம் நான்கில் இருந்து ஐந்தரை வரை என்று வாசலில் ஒரு கடதாசி. நம் ஊரில் வந்தவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப முடியாது, அனுப்பவும் வேண்டாம். அதற்காகவே அந்த இரண்டு பின்னேரங்களை ஒதுக்குவது. மற்ற ஐந்து பின்னேரமும் வீட்டுக்கு.

தொழிலின் சின்னப் பிழைகள் எப்படிப் பின்னேரத்தைத் தின்னுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டியபின் விரலால் தட்டிப் பாருங்கள். மேளத்தோல்போலச் சத்தம் வர வேண்டும். தொய்ந்த துணியில் ஆரி ஊசியின் கொளுக்கி நூலோடு துணி இழையையும் பிடித்து இழுக்கும், கழற்றியபின் வேலை முழுதும் சுருங்கி நிற்கும். சங்கிலித் தையலின் கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் விட்டால் ஒரு முனையை இழுக்க முழு வரிசையும் உருவிக்கொண்டு வரும். அரை நாள் வேலை அரை நிமிடத்தில் போய்விடும். லைனிங் துணியை முதல்நாள் இரவே ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, அயன் பண்ணிய பிறகு வெட்டுங்கள். ஊறாத லைனிங் முதல் கழுவலிலேயே சுருங்கும், சட்டை திரும்ப உங்கள் வீட்டுக்கு வரும். கடுஞ்சிவப்பு, மெரூன் துணியென்றால் நனைத்த வெள்ளைத் துண்டால் ஒரு மூலையைத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பசையால் கல் ஒட்டும் வேலையை மழைக்காலத்தில் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். காற்றில் ஈரம் கூடியிருக்கையில் பசை காயச் சுணங்கும். காயுமுன் மடித்தால் ஒரு கையின் கல் மறு கையில் ஒட்டிக்கொள்ளும். திரும்பச் செய்யும் வேலைக்கு யாரும் காசு தருவதில்லை. அது செலவாவது எப்போதும் பிள்ளைகளின் நேரத்தில்தான்.

இனி, வேலையை மூடும் விதம். என் கணிப்பில், திகதிக்கு அடுத்தபடியாக முக்கியமானது இதுதான். வேலையை நிறுத்துவது வேறு, மூடுவது வேறு. பிள்ளை வந்து கூப்பிட்டதும் ஊசியைத் துணியில் குத்தியபடி எழுந்து போனால் அது நிறுத்துவது. சோறு போடும்போதும் மனம் அந்தக் கழுத்து வளைவிலேயே தைத்துக்கொண்டிருக்கும். மூடுவதற்கு இருபது நிமிடம் வேண்டும். காலையில் எத்தனை ஊசி வெளியே எடுத்தீர்களோ அத்தனையும் எண்ணிப் பேணிக்குள் வையுங்கள். இங்கே உப்புக்காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட்ட துணித்துண்டில் சுற்றி வைத்து, மறுநாள் துடைத்துவிட்டுத் தைக்கலாம். பாயிலும் நிலத்திலும் ஒரு காந்தத்தை மெதுவாக ஓட்டுங்கள். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் இதைத் தவறவிடவே கூடாது. மணிப் பெட்டிகளை மூடி உயரத்தில் வையுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை கிடைத்த மணியை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். மெசின் வயரைக் கழற்றி, துணியால் மூடுங்கள்.

கடைசியாக ஒரு துண்டுக் கடதாசியில் நாளைக்கு எங்கே தொடங்குவது என்று எழுதுங்கள். "இடது கை, மூன்றாவது பூ, பச்சை நூல், சின்ன மணி." இவ்வளவு போதும். கடதாசி நினைவில் வைத்துக்கொள்ளும் என்று தெரிந்தால் மனம் பிடியை விடும். காலையில் நூல் தேடும் பத்து நிமிடமும் மிச்சம்.

பின்னேரம் மூடியாகிவிட்டது. இனிச் சந்தோசம் தானாக வந்து உட்காருமா? வராது. கை சும்மா இருந்தால் அது தொலைபேசியை எடுக்கும். வட்ஸ்அப்பில் யாரோ ஒரு கழுத்து டிசைன் அனுப்பியிருப்பார், அதற்குப் பதில் எழுதும்போது பிள்ளை சொன்ன கதை பாதியில் நின்றுவிடும். கை நிறைய மாவோ எண்ணெயோ ஈரமோ உள்ள வேலைகளைக் குடும்ப நேரத்துக்கு வையுங்கள். மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலைபின்னுவது, எல்லோருமாக முருங்கையிலை உருவுவது, கிணற்றடியில் சின்னவனைக் குளிப்பாட்டுவது. இந்த நேரங்களில் தொலைபேசியைத் தொட முடியாது, தொடத் தோன்றவும் மாட்டாது.

பிட்டு அவிப்பது இதற்கு நல்ல வேலை. வறுத்த அரிசிமா இரண்டு கப், உப்பு, கொதித்து ஆறிய இளஞ்சூட்டுத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கப். தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றினால் களியாகும். ஒரு கையால் தெளிக்க, மற்றக் கையின் விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். மாவைப் பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம். பெரிய கட்டிகளைப் பேணி விளிம்பால் கொத்தலாம், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பங்கு அது. பிறகு குழலில் ஒரு பிடி தேங்காய்ப்பூ, நான்கு பிடி மா, மறுபடி தேங்காய்ப்பூ. தேங்காய்ப்பூப் போடுவது சின்னவரின் வேலை. மாவை இடிக்க விடாதீர்கள்; இறுகினால் ஆவி ஏறாது, நடு மா பச்சையாக இருக்கும். ஆவி மேலே வந்தபின் ஐந்து நிமிடம். குழலைத் தள்ளும்போது பிட்டு உடையாமல் முழுதாக வந்து கோப்பையில் விழுந்தால் வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்கும், பாருங்கள். அந்தச் சத்தத்துக்காக ஒரு ஓடரைக் குறைக்கலாம்.

பிள்ளைகள் உங்கள் வேலையில் ஆசைப்பட்டு வந்தால் துரத்தாதீர்கள். அவர்களுக்கென்று ஆறங்குல வளையம் ஒன்று, பருத்தித் துண்டு, முனை மழுங்கிய பெருங்கண் ஊசி, தடித்த நூல் கொடுத்து நேர்த்தையலில் தொடங்க விடுங்கள். அவர்கள் போட்ட தையலைப் பிரித்துத் திரும்பப் போடாதீர்கள். கோணலாக இருந்தாலும் அது அவர்களுடையது. வாடிக்கையாளரின் துணியில் மட்டும் கை வைக்க விடக்கூடாது. மணி பிரித்துத் தருவதை விளையாட்டாகச் செய்தால் சரி, தினமும் செய்யவேண்டிய வேலையாக்கிவிட்டால் அதுவே அவர்களுக்கு இந்தத் தொழிலை வெறுக்கவைக்கும்.

மாமியோ அம்மாவோ ஹூக் வைத்தும் விளிம்பு மடித்தும் தந்தால் அந்த நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள், அதற்கும் விலை போடுங்கள். வீட்டாள்தானே என்று கணக்கில் விட்டால் சட்டையின் விலை பொய்யாகும். அவர் ஒரு கிழமை சுகமில்லாமல் படுத்தால் தொழில் நஷ்டத்தில் நிற்கும், அவர்மேல் கோபமும் வரும். ஒவ்வொரு ஓடரிலும் நூற்றுக்கு ஐந்தை ஒரு தகரப் பேணியில் போட்டு, மாத முடிவில் பிள்ளைகள் கையால் திறக்க விடுங்கள். 6000 ரூபா ஓடருக்கு 300 ரூபா. அம்மா ஏன் பகலெல்லாம் குனிந்திருக்கிறாள் என்பது அவர்களுக்கு அப்போது விளங்கும்.

வருடத்தைப் பார்த்தால் நம் ஊருக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஆடியில் கலியாணம் இல்லை, மணப்பெண் சட்டை ஓடர் குறைவு. பெரும்பாலும் ஆகஸ்ட் பள்ளி விடுமுறையும் அதை ஒட்டி வரும். கச்சான் காற்று அடிக்கும் அந்த மாதங்களில்தான் நம் கடலும் அமைதி. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் பிள்ளைகள் இறங்கிக் குளிக்கலாம். வேலை இல்லையே என்று ஆடியில் கவலைப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அதற்கு முன்னமே ஆனியில் கொஞ்சம் சேமித்து, ஆடியில் பின்னேரங்களைக் கடற்கரைக்குக் கொடுங்கள். மார்கழியிலும் கலியாணம் இல்லை, ஆனால் அப்போது வாடைக்காற்றும் மழையும். கடல் பக்கம் போக முடியாது. அந்த மாதம் திருவெம்பாவைக்கும், மெசினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விடுவதற்கும் நல்லது.

நெருக்கடி வருவது தீபாவளிக்கு. அதே நேரத்தில்தான் மழையும் தொடங்கும். விசயதசமிக்குப் பிறகு தீபாவளிக்கு ஏறக்குறைய இருபது நாள். மேலே போட்ட கணக்கின்படி அந்த இருபது நாளுக்குள் முடிவது நடுத்தர வேலை உள்ள ஒரு சட்டையும் மேலே கொஞ்சமும்தான். எனவே தீபாவளி ஓடர் கொப்பியைச் சரஸ்வதி பூசையன்று மூடிவிடுங்கள். நோன்புப் பெருநாளுக்குத் தைப்பவர்கள் ஓடர் எடுப்பதைப் பத்தாவது நோன்போடு நிறுத்தலாம்.

பூசையன்று மெசினுக்கும் ஓய்வு. கத்தரிக்கோல், அளவு நாடா, ஊசிப் பேணி எல்லாம் பிள்ளைகளின் புத்தகங்களோடு ஒரே பலகையில் இருக்கும். மெசின் சக்கரத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். துணி ஓடும் தட்டில் மட்டும் வைக்காதீர்கள். விசயதசமி காலையில் ஏடு தொடக்கியபின், சிந்திய குங்குமத்தை முதலில் காய்ந்த துணியால் தட்டி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் சிவப்பு, துணியை நகர்த்தும் மெசின் பல்லுக்குள் இறங்கி அடுத்த வெள்ளைச் சட்டையில் ஏறும். பிறகு ஒரு கழிவுத்துணியை வைத்து நாலு விரற்கடை ஓட்டிப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றப் பிள்ளையைக் கூப்பிடுங்கள், உங்கள் கை அதன் கைமேல் இருக்கட்டும். துணி சுத்தமாக வந்தால் கொப்பியைத் திறந்து முதலாவது பெயரைப் பார்க்கலாம்.

வணக்கம்.